வீட்டில் தைத்த பருத்தித் திரைகள்: சில கோடைகளுக்குப் பிறகு

கூடத்தின் மேற்கு ஜன்னல் திரையில் மேல்மடிப்புத் தையல் ஓரத்தில் விட்டுப்போய், அதைப் பிரித்து மறுபடியும் அடித்து முடித்த அதே வாரத்தில், புது வீட்டுக்குக் குடிபோகும் தோழி ஒருவர், செலவைக் குறைக்கத் திரைகளை வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சில கோடைகளாக இந்தத் திரைகளோடு இருந்து வருபவள் என்பதால், அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

துணியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. மீட்டர் 120 ரூபாய்க்கு எடுத்த, 48 அங்குல அகலமுள்ள கெட்டிப் பருத்தித் துணி அது. ஜன்னலின் அகலம் நான்கு அடி, உயரம் நாலரை அடி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு முழு அகலத் துணி தொங்கினால் ஜன்னலைப் போல இரு மடங்கு அகலம் கிடைத்துவிடுவதால், மூடியிருக்கும்போதும் திரை தட்டையாக நிற்காமல் நல்ல மடிப்புகளோடு விழுகிறது. துணியின் கரையை அப்படியே விட்டுவிட்டதால் பக்கவாட்டில் ஓரம் அடிக்கும் வேலையும் மிச்சம். ஒரு பக்கத்துக்கு இரண்டு மீட்டர், ஆக நான்கு மீட்டருக்கு 480 ரூபாய். நூலையும் சேர்த்து 500 ரூபாய்க்குள் ஒரு ஜன்னல் முடிந்தது. பருத்தி முதல் நனைப்பிலேயே 100-க்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கக்கூடும். இரண்டு மீட்டரில் அது பத்து சென்டிமீட்டர் வரை போகும். அதனால் துணியை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டு, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே அளவெடுக்க வேண்டும். வெட்டும் இடத்தில் குறுக்கு நூல் ஒன்றை உருவி, அது விட்டுச் சென்ற கோட்டின் மேலேயே கத்தரித்தால், எத்தனை முறை துவைத்தாலும் திரையின் அடி கோணுவதில்லை.

கீழே மூன்று அங்குலத்துக்கு இரட்டை மடிப்பாக மடித்து அடித்ததுதான் இந்தத் தையலிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்த மடிப்பின் கனத்தால் திரை காற்றில் பறந்து கம்பியில் சிக்காமல் நேராக நிற்கிறது. பல முறை துவைத்ததில் துணி இன்னும் கொஞ்சம் ஏறியபோது, மடிப்பைப் பிரித்து ஓர் அங்குலம் இறக்கிக்கொள்ளவும் முடிந்தது. துணியும் துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகியிருக்கிறது. மேற்கு வெயிலில் நிறம் வெளுத்திருப்பது உண்மைதான். எந்தப் பருத்தியாக இருந்தாலும் அந்த வெயிலுக்கு வெளுக்கவே செய்யும் என்பதால் அதைக் குறையாக எழுதுவது நியாயம் ஆகாது.

என் பொறுமையைச் சோதிப்பது அந்த மேல்மடிப்பு. சிக்கனமாகத் தைப்பவர்கள் எல்லோருக்கும் சொல்லித்தரப்படும் முறைதான் அது: மேல் விளிம்பை மடித்து, இரண்டு வரித் தையல் போட்டு, நடுவில் ராடு நுழைய இரண்டு அங்குலம் விடுவது. வளையம் வேண்டாம், கொக்கி வேண்டாம், நேர்த்தையல் மட்டும் தெரிந்தால் போதும். ஆனால் துணி முழுவதும் ராடை அணைத்துக்கொண்டிருப்பதால், திரையை இழுக்கும்போது உராய்வு நீளம் முழுவதும் பிடித்து நிறுத்துகிறது. கீழே பிடித்து இழுத்தால் ஓரம் மட்டும் கோணலாக வருகிறது, மேல்பகுதி நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி, மேலே கையால் சுருக்கிச் சுருக்கித் தள்ளினால்தான் முழுவதும் திறக்கும். வயதான என் மாமியாரால் அந்தத் திரையை ஒருநாளும் தனியாகத் திறக்க முடிந்ததில்லை. வெளிச்சத்துக்கு அவர் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. தினமும் ஓரத்தைப் பிடித்து இழுத்ததால்தான் தையலும் அங்கே விட்டது. துணி கிழியவில்லை, நூல்தான் அறுந்தது. இம்முறை இரு முனைகளிலும் கெட்டித் தையல் போட்டிருக்கிறேன். தையல் தாங்கும். திரை நகரப் போவதில்லை.

ராடு நுழைவதற்காகத் துணியில் துளையிட்டுப் பொருத்தும் ஐலெட் வளையம் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அழுத்திப் பூட்டும் பிளாஸ்டிக் வளையங்கள் கிடைக்கின்றன. 48 அங்குலத் துணிக்கு எட்டு வளையம் வரும், இரட்டைப்படையாக இருந்தால்தான் திரையின் இரு ஓரங்களும் சுவர்ப்பக்கமாகத் திரும்பி நிற்கும். ஆனால் மேல்விளிம்பு விறைப்பாக நிற்கக் கேன்வாஸ் துணி வைத்துத் தைக்க வேண்டும், வட்டம் வட்டமாக வெட்ட வேண்டும். அந்தப் பொருளும் உழைப்பும் சேர்ந்தால் வீட்டில் தைப்பதன் மிச்சத்தில் பாதி போய்விடும்.

ஆகவே, துணியையும் செலவையும் இவ்வளவு பாராட்டிய பிறகும், தோழியிடம் கூடத்து ஜன்னலுக்கு இப்படித் தைக்க வேண்டாம், வளையம் வைத்த ரெடிமேட் திரையே வாங்கிவிடுங்கள் என்றுதான் சொன்னேன். பரணுக்கும் சமையலறை அலமாரிக்கும் மேல்மடிப்பு தாராளமாகப் போதும். அவற்றை நாம் தினம் இரு வேளை திறந்து மூடுவதில்லை. அதையும் மீறிக் கூடத்துக்கே தைக்க நினைத்தால், ராடை முதலில் வாங்கி மாட்டிவிட்டு அதிலிருந்து அளவெடுக்கட்டும், மேல்மடிப்பை இரண்டு அங்குலத்துக்குப் பதிலாக மூன்று அங்குலமாக விடட்டும்.