கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) ஐஸ் கம்பெனியில் நெட்வொர்க் கேபிள்: எது தாங்கியது, எது போனது

நெட்வொர்க் கேபிள் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் அதன் தர வகை (கேட்டகிரி) கேட் 5இ-யா கேட் 6-ஆ என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊர்க் காற்றில் அந்த எண்ணுக்கு இரண்டாம் இடம்தான். உள்ளே ஓடுவது முழுச் செம்பா, மேல் உறை என்ன பிளாஸ்டிக், முனையில் மாட்டியிருக்கும் ஜாக் எப்படி என்று பார்த்து வாங்கினால் சாதாரண கேட் 6 போதும்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர், கேமரா, வைஃபை என்று ஒயர் சம்பந்தப்பட்டதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக என் தலையில் வந்து விழுந்தது. கடல் காற்று ஒரு பக்கம், உப்புத் தண்ணீர்த் தொட்டி நடுவில், கம்ப்ரசர் அறையில் அமோனியா, கோல்டு ரூமில் மைனஸ் 18 டிகிரி. மீன் வாடைக்கு எலிக்கும் பஞ்சமில்லை. கேபிளைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதலில் இருந்தது ஒரு பழைய ஒப்பந்தக்காரர் இழுத்துவிட்டுப் போன கேபிள். பெட்டியில் கேட் 6 என்றுதான் போட்டிருந்தது. பகலில் எல்லா கேமராவும் ஒழுங்காகத் தெரியும். பொழுது சாய்ந்தால் படகு வந்து நிற்கும் பக்கம் பார்க்கிற கடைசி கேமரா மட்டும் அணைந்து அணைந்து எரியும். கேமரா கெட்டுப்போச்சு என்று மாற்றினோம், புதுசும் அதே கூத்து. பிறகு பாண்டியிலிருந்து வந்த டெக்னீஷியன் தம்பி கேபிளில் ஒரு முழம் வெட்டி, ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிக் காட்டினான். "அண்ணா, பாருங்க, மேலதான் செம்பு." உள்ளே வெள்ளையாக மினுக்கியது அலுமினியம். சிசிஏ என்று இதைச் சொல்வார்கள், செம்பு பூசிய அலுமினியம்.

ராத்திரி மட்டும் ஏன் என்று கேட்டேன். இந்த கேமராக்களுக்குத் தனியாக மின்சார ஒயர் கிடையாது, நெட்வொர்க் கேபிள் வழியாகவே கரன்ட் போகிறது. பிஓஇ என்பது அதுதான். இருட்டினதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பிக்கும், கூடுதலாகக் கரன்ட் இழுக்கும். அலுமினியக் கம்பியில் மின்தடை அதிகம், நீளமும் அதிகம், வழியிலேயே வோல்டேஜ் இறங்கி, கேமராவுக்குப் போய்ச் சேருவது போதாமல் அது அணைந்து மறுபடி எழுந்திருக்கும். கேமராவை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். முதலில் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். செம்பின் அடர்த்தி அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். 305 மீட்டர் பெட்டி கையில் லேசாக இருந்தால் திருப்பி வைத்துவிடலாம். கேபிள் மேலே ஓடும் எழுத்தையும் படியுங்கள், யோக்கியமான கம்பெனியாக இருந்தால் சிசிஏ என்று அச்சிட்டிருக்கும். கம்பியின் பருமனைச் சொல்லும் கேஜ் எண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் கேட் 6-இல் பெரும்பாலும் 23 கேஜ், அதாவது 0.57 மில்லிமீட்டர் கம்பி. கேட் 5இ-யில் 24 கேஜ், 0.51 மில்லிமீட்டர்.

இழுத்து முடித்த கேபிளுக்கு மல்டிமீட்டர் போதும். தூர முனையில் நீலக் கம்பியையும் வெள்ளை நீலக் கம்பியையும் சேர்த்து முறுக்கிவிட்டு, இந்தப் பக்கம் ஓம் பாருங்கள். நல்ல 24 கேஜ் செம்பு 100 மீட்டருக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 17 ஓம் காட்டும். தரநிலைப்படி 25 ஓமைத் தாண்டக் கூடாது. அதே பருமனில் சிசிஏ அந்த எல்லையைத் தாண்டிவிடும். எங்கள் பழைய கேபிளும் தாண்டித்தான் நின்றது. முதலாளி கேட்டது ஒரே கேள்வி: "இது என்ன விலைக்கு வந்துச்சு?" முழுச் செம்புக் கேபிள் விலையில் ஏறக்குறைய பாதி. அவர் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

புது வேலைக்கு ஆபீசுக்குள் டி-லிங்க் கேட் 6 யுடிபி, அதாவது ஷீல்டு இல்லாத கேபிள் போட்டோம். கேட் 5இ-யே போதும் என்று சொன்னவர்களும் உண்டு, அவர்கள் சொன்னதில் தப்பில்லை. இரண்டும் 100 மீட்டருக்கு ஒரு ஜிகாபிட் கொடுக்கும். கேட் 5இ 100 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை அளந்தது, கேட் 6 அளந்தது 250 வரை. 10 ஜிகாபிட் வேண்டுமென்றால் கேட் 6 தாங்குவது 55 மீட்டர் வரை, முழு 100 மீட்டருக்கும் வேண்டுமென்றால் 500 மெகாஹெர்ட்ஸ் கேட் 6ஏ. கணக்கு சாஃப்ட்வேர் டேலி ஓடும் ஆபீசில் 10 ஜிகாபிட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய? நான் கேட் 6 எடுத்தது தடிமனான கம்பிக்காக, பிஓஇ-க்கு அது நல்லது.

கேட் 7, கேட் 8 என்று தட்டையான கேபிள்களை ஆன்லைனில் கூவிக் கூவி விற்கிறார்கள். கேட் 7-ஐ அமெரிக்கத் தரநிலை அமைப்பான டிஐஏ ஏற்கவே இல்லை. கேட் 8 நிஜம்தான், 2000 மெகாஹெர்ட்ஸ், 40 ஜிகாபிட், ஆனால் 30 மீட்டர்தான் ஓடும், டேட்டா சென்டர் அலமாரிக்குள் போடுவதற்கு. வீட்டு நெட்டுக்கு அதை வாங்குவது வீண் செலவு.

வெளியே போன கேபிளில்தான் பணத்தைக் கொட்ட வேண்டும். சாம்பல் நிற பிவிசி உறை வெயிலில் வெளுத்து, விரலால் வளைத்தால் வெடிக்கும். கறுப்புப் பாலிஎத்திலீன் உறையில் சேர்க்கும் கரித்தூள் வெயிலைத் தாங்க வைக்கிறது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது எங்கள் கூரைத் தகடு ஒன்று பறந்தது, சுவரோரம் கிளிப் அடித்த கறுப்பு கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோல்டு ரூமுக்கும் அதையே போட்டோம். பிவிசி அந்தக் குளிரில் விறைத்துவிடும், கதவைத் திறந்து மூடும் அசைவுக்கே விரிசல் விடும்.

கம்ப்ரசர் அறைதான் எங்கள் பெரிய தலைவலி. ஈரத்தோடு அமோனியா சேர்ந்தால் செம்பைத் தின்னும். அதனால்தான் அமோனியா ஓடும் குழாயை இரும்பில் போடுகிறார்கள், வீட்டு ஏசி போலச் செம்பில் போடுவதில்லை. அந்த அறையில் இருந்த மலிவு ஜாக் ஒன்றைக் கழற்றினால் பற்களில் பச்சையாகக் களிம்பு. இதன் விளைவு வினோதமானது: இணைப்பு அறுந்துவிடாது, வேகம் மட்டும் 100 மெகாபிட்டுக்கு விழுந்துவிடும். ஜிகாபிட்டுக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டே ஜோடி போதும். ஆரஞ்சும் பச்சையும் உயிரோடு இருந்து நீலமோ பழுப்போ செத்தால், கேபிள்களையெல்லாம் இணைக்கும் பெட்டியான சுவிட்ச் இறங்கி வந்து சமாளிக்கும். பேக்கப் ஏன் ஆமை மாதிரி போகிறது என்று நாம் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருப்போம். இப்போது அந்த அறையில் இணைப்பே வைக்கவில்லை, கேபிள் வெறுமனே கடந்து போகிறது. மற்ற இடங்களில் 50 மைக்ரோ இன்ச் தங்க முலாம் உள்ள ஜாக், மூடியுள்ள பெட்டிக்குள்.

கம்ப்ரசர் அறைக்கு ஷீல்டு போட்ட, அதாவது உலோகத் தாள் சுற்றிய எஃப்டிபி எடுக்கச் சொல்லிக் கடையில் ரொம்ப வற்புறுத்தினார்கள், மோட்டார் இரைச்சல் ஏறுமாம். ஷீல்டுக்கு ஒழுங்கான எர்த் வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் காசு தண்டம். முறுக்கிய ஜோடியே வெளி இரைச்சலைப் பெருமளவு அடித்துவிடும், அந்த முறுக்கு அதற்குத்தான். த்ரீ ஃபேஸ் ஒயரோடு ஒரே குழாயில் போடாமல் தள்ளிப் போட்டோம். குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர் செங்குத்தாகக் கடக்க விட்டோம். தொந்தரவு இல்லை.

ஆபீசிலிருந்து பின்பக்க ஷெட் 100 மீட்டரைத் தாண்டும். அங்கே சிங்கிள் மோட் ஃபைபர். நடுவில் மெல்லிய 9 மைக்ரான் கண்ணாடி வழியாக ஒளிதான் போகிறது, மின்சாரம் கிடையாது. ஐப்பசி கார்த்திகை இடி மின்னலுக்கு ஒரு கட்டடத்தில் ஏறிய அதிர்ச்சி இன்னொரு கட்டடத்துக்கு இதன் வழியாக ஓடாது. உள்ளே இரும்புக் கவசம் இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள், கவசம் இருந்தால் அந்த லாபம் போச்சு. குறை ஒன்று உண்டு: ஃபைபரில் பிஓஇ போகாது, ஷெட்டில் ஒளியை மறுபடி மின் சிக்னலாக மாற்றும் கன்வெர்ட்டருக்கும் சுவிட்சுக்கும் தனியாகக் கரன்ட் வேண்டும். எலிக்கு ஃபைபரும் ஒன்றுதான் செம்பும் ஒன்றுதான், ஆகவே கனமான குழாய்க்குள் விட்டோம்.

சரக்கு பாண்டியில் எடுத்தோம். ஒரு காலத்தில் வரி வித்தியாசம் பார்த்துப் போவார்கள், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு அந்தக் கணக்குக்கு இடமில்லை. கறுப்பு உறை கேபிள் கடலூரில் கேட்டபோது வரவழைக்க வேண்டும் என்றார்கள், பாண்டியில் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் பெரும்பாலும் விளக்கு மின்னும் சின்ன டெஸ்டரைத்தான் காட்டுவார்கள். கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா, வரிசை சரியா என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. சிசிஏ கேபிளும் அதில் எட்டு விளக்கும் எரியக் காட்டும். ஒவ்வொரு கேபிளுக்கும் ஓம் அளவை எழுதி, சுவிட்சில் ஜிகாபிட் விளக்கு எரிவதைக் காட்டச் சொல்லி, அதன் பிறகுதான் மீதிப் பணத்தைக் கொடுத்தோம்.