அப்பா பெயரில் இருந்த வீட்டை மகன் விற்கிறாரா? முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

திருச்சி உறையூர் பக்கம் ஒரு பழைய மாடி வீட்டுக்கு 62 லட்சம் விலை பேசி, 10 லட்சம் முன்பணம் கொடுத்து, கடைசியில் எட்டரை லட்சத்தோடு வெளியே வந்த என் கதை இது. விற்க வந்தவர், தரகர், தரகர் கூட்டிவந்த வக்கீல் என மூவர் பெயரையும் எழுதப்போவதில்லை. இதே வேலையை வேறு ஊரில் வேறு ஆட்கள் செய்துகொண்டுதான் இருப்பார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

விற்பவரின் அப்பா 1986-ல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு அது. முதலில் அம்மா காலமானார், சில வருடம் கழித்து அப்பா. உயில் எதுவும் இல்லை. இரண்டு மகன்கள். தம்பி தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து, விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிட்டார். அதை வைத்துப் பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாம் அண்ணன் பெயருக்கு மாறியிருந்தன. 30 வருட வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்தால் அந்த விடுதலைப் பத்திரம் ஒன்றுதான் வருகிறது. கடனும் இல்லை, அடமானமும் இல்லை. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழிலும் இரண்டு மகன்கள் பெயர் மட்டும். "கண்ணாடி மாதிரி இருக்கு சார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் தரகர்.

வக்கீலையும் அவரே கூட்டிவந்தார். "நம்ம வக்கீல் சார். இந்த ஏரியா பத்திரம் எல்லாம் அவருக்கு மனப்பாடம்." கட்டணம் என்னுடையது. மூன்று பக்கத்தில் லீகல் ஒப்பீனியன், அதாவது சொத்தில் உரிமை சரியாக இருக்கிறதா என்று வக்கீல் எழுதித் தரும் கருத்து, வந்தது. அதில் பாதிக்கு மேல் நான்கெல்லையும் அளவும்தான். முடிவில், சொத்தில் உரிமை தெளிவாக இருக்கிறது, தாராளமாகக் கிரயம் செய்துகொள்ளலாம் என்று கையெழுத்து, முத்திரை.

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிய வேண்டாம் என்று தரகரும் விற்பவரும் சேர்ந்தே சொன்னார்கள். "ரெண்டு மாசத்துல கிரயம் ஆகப்போகுது, எதுக்கு வீண் செலவு?" தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். ஆனாலும் பலர் முத்திரைத்தாளில் எழுதி வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். நான் விடவில்லை, பதிந்தேன். கடைசியில் பணம் திரும்பியதற்கு அந்தப் பதிவுதான் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

விஷயம் உடைந்தது வங்கியில். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்ததும் வங்கியின் பேனல் வக்கீல் எல்லா ஆவணங்களையும் வாங்கிப் படித்தார். தம்பி எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தை எடுத்து என் முன் வைத்தார். பத்திரம் எழுதியவர் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார்: எங்கள் தகப்பனாருக்கு நாங்கள் இருவரும், காலஞ்சென்ற எங்கள் சகோதரியும் பிள்ளைகள். "இந்தச் சகோதரிக்குப் பிள்ளைங்க இருக்காங்களா, கேட்டீங்களா?" என்றார்.

இருக்கிறார்கள். ஒரு பெண், ஒரு பையன், இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். தங்கை அப்பாவுக்கு முன்பே இறந்துவிட்டார்.

விற்பவரிடம் கேட்டபோது முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "தங்கச்சி அப்பாவுக்கு முன்னாடியே போயிட்டா சார். அவளுக்கே பங்கு வரல, பிள்ளைங்களுக்கு எப்படி வரும்?" கேட்கும்போது நியாயம் போலத்தான் இருக்கும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்துவான ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருக்கு முன்பே இறந்துபோன மகளின் பிள்ளைகளும் முதல் வகுப்பு வாரிசுகள். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை தந்த 2005 திருத்தம் வரை போகவே வேண்டாம். 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இது இருக்கிறது. மகள் உயிரோடு இருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதை அவள் பிள்ளைகள் பிரித்துக்கொள்வார்கள். ஆக வீட்டில் மூன்றில் ஒரு பங்கு அந்த இரண்டு குழந்தைகளுடையது. அண்ணன் தன்னுடையதையும் தம்பி விட்டுக்கொடுத்ததையும்தான் விற்க முடியும். நான் முழு விலை கொடுத்து வாங்கியிருந்தால், நாளை அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பாகப்பிரிவினை வழக்குப் போடும்போது பிரதிவாதியாக நிற்பது நான். (கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்கு வாரிசுச் சட்டமே வேறு, அங்கே கணக்கும் மாறும்.)

அடுத்ததாக ஒரு யோசனை சொன்னார்கள். பலர் இதில்தான் விழுவார்கள் என்று நினைக்கிறேன். "பிள்ளைங்களோட அப்பாகிட்ட சம்மதக் கடிதம் வாங்கித் தர்றோம், முத்திரைத்தாள்ல நோட்டரி போட்டு." அந்தக் கடிதத்தை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. மைனர் பெயரில் உள்ள அசையாச் சொத்தைத் தகப்பனாரே ஆனாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. மீறி விற்றால், பிள்ளை 18 வயது முடிந்து மூன்று வருடத்துக்குள் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அனுமதி கேட்டு மனுப் போட்டால், விற்பது குழந்தைக்கு நன்மையா, அதன் பங்குப் பணம் எங்கே போகிறது என்று நீதிமன்றம் பார்க்கும். விற்பவருக்கு அதில் விருப்பமில்லை. ஏன் என்று பிறகு தெரிந்தது: வீடு விற்பனைக்கு வந்திருப்பதே குழந்தைகளின் அப்பாவுக்குத் தெரியாது.

சரி, அத்தனை ஆவணமும் எப்படித் தப்பின்றி இருந்தன? எதுவும் போலி இல்லை. அதுதான் இதில் உள்ள சூட்சுமம். வில்லங்கச் சான்று, பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். ஒருவர் இறந்தது, அவருக்கு எத்தனை பிள்ளைகள், பதியாத உயில், நிலுவையில் இருக்கும் வழக்கு, பத்திரத்தைத் தனியாரிடம் வைத்து வாங்கிய கைமாற்று, இவையெல்லாம் அதில் ஏறாது. 30 வருடத்துக்குப் போட்டதால் அப்பா வாங்கிய 1986 கிரயம்கூட என் சான்றில் வரவில்லை. பட்டா வருவாய்த் துறையின் பதிவு, அதனால் உரிமை பிறப்பதில்லை என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன. சார்பதிவாளர் பார்த்துத்தானே பதிகிறார் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை இல்லை என்று 2025 ஏப்ரலில் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாரிசுச் சான்றிதழோ, மனுப் போட்டவர் சொன்ன விவரத்திலிருந்து தொடங்குவது. இறந்துபோன மகளைப் பற்றி அண்ணன் வாய் திறக்கவில்லை, விசாரணையிலும் அது வெளிவரவில்லை.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறியது. ஒப்பந்தத்தில் குறித்த கெடுவுக்குள் கிரயம் முடிக்காவிட்டால் முன்பணம் பறிமுதல் என்று ஒரு வரி உண்டு, அதைக் காட்டினார்கள். இந்த முறை நானே தேடிப் பிடித்த ஒரு வக்கீல் அம்மாவிடம் போனேன். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவின்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத உரிமைக் குறையை விற்பவரே சொல்லியாக வேண்டும். அதே பிரிவு, கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மேலேயே வாங்குபவருக்குப் பொறுப்புரிமை (சொத்திலிருந்தே பணத்தை மீட்கும் உரிமை) தருகிறது. இரண்டையும் எழுதி நோட்டீஸ் அனுப்பினார். பதிலே இல்லை.

பதில் வந்தது வேறு வழியில். விற்பவர் இன்னொருவரிடம் விலை பேசியிருக்கிறார். அவர் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் என் ஒப்பந்தம் பதிவாகி நிற்கிறது.  விவரம் தெரிந்த யாரும் அது ரத்தாகாமல் பணம் நீட்ட மாட்டார்கள். ரத்துக்கு என் கையெழுத்து வேண்டும். அப்புறம்தான் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. முதலில் கையெழுத்து, பிறகு பணம் என்றார்கள். டிராஃப்ட் கையில் வந்தால்தான் பேனாவைத் தொடுவேன் என்றேன். ஒன்றரை லட்சம் பிடித்துக்கொண்டார்கள். வழக்குப் போட்டால் ஆகும் செலவையும் காலத்தையும் கணக்குப் பார்த்து, அதோடு விட்டேன்.

அந்த முதல் வக்கீலிடம் போய், விடுதலைப் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தீர்களா என்று கேட்டேன். ஒப்பீனியனின் கடைசி வரியைக் காட்டினார்: எனக்குக் காட்டப்பட்ட ஆவணங்களின் அடிப்படையில். காட்டப்பட்ட பட்டியலில் மூன்றாவதே அந்தப் பத்திரம்தான்! நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால் அந்தக் கதவு மூடியாயிற்று. மிச்சம் இருப்பது பார் கவுன்சில் புகார். கொடுத்திருக்கிறேன்.

வாரிசாக வந்த வீடு வாங்குகிறவர்கள் வக்கீலை நீங்களே பிடியுங்கள். தரகரிடம் கமிஷன் உறவு இல்லாதவராக. ஒப்பீனியனை மட்டும் வாங்கிக்கொள்ளாமல், ஒவ்வொரு பத்திரத்தின் நகலையும் கேட்டு வாங்கி சொத்து யாரிடமிருந்து எப்படி வந்தது என்று சொல்லும் முன்வரலாற்றுப் பத்தியை நீங்களும் படியுங்கள், பெரும்பாலும் தமிழில்தான் இருக்கும். அப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதோடு, இறந்தவர்கள் யார், அவர்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்றும் கேளுங்கள். தெருவில் பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டால் இன்னும் சரியாகச் சொல்வார். நான் பிறகு விசாரித்தபோது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தங்கையைத் தெரிந்திருந்தது.

வீடு மறுபடி விற்பனையில் இருக்கிறது. உடனடி கிரயம், தெளிவான பத்திரம் என்று விளம்பரம் போட்டிருக்கிறார்கள். உறையூர்ப் பக்கம் பழைய மாடி வீடு பார்க்கிறவர்கள், விடுதலைப் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தை முதலில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.