சிதறும் கவனத்தோடு தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கு: ஆங்கி செயலி ஒரு மதிப்பீடு

பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு பாடத்தில் மனம் நிலைக்காதவர்களுக்குத் தொழில்நுட்பப் பாடங்கள் எட்டாது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. கணினி வலையமைப்பு, இயங்குதளம், மின்னணுவியல் போன்ற பாடங்களில் ஒவ்வோர் அத்தியாயமும் முந்தையதை நம்பியே நிற்பதால், நடுவே கவனம் சிதறியவருக்கு அடுத்த பக்கம் புரிவதில்லை. புரியாததால் கவனம் இன்னும் சிதறுகிறது. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர எனக்கு உண்மையாகவே கைகொடுத்த கருவி ஆங்கி. வலையமைப்புப் பாடத்துக்காக நெடுநாளாக அதைப் பயன்படுத்திவரும் அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன்.

டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தச் செயலி, ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் கொண்ட அட்டைகளை நமக்குக் காட்டுகிறது. விடையை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்ப வேண்டும். பிறகு அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி என்ற நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். அதைப் பொறுத்து அந்த அட்டை பத்து நிமிடத்தில் மீண்டும் வருமா, நாளை வருமா, அடுத்த மாதம் வருமா என்பதைச் செயலி முடிவு செய்கிறது. படித்தது நாள்பட எப்படி மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே தம்மைத் தாமே சோதித்து அளந்து எழுதினார். மறக்கப் போகும் தறுவாயில் நினைவுபடுத்துவதற்கான கணக்கீட்டைப் போலந்துக்காரரான பியோத்தர் வோஸ்னியாக் 1987இல் உருவாக்கினார். ஆங்கி நெடுங்காலம் அதன் வழியிலேயே இயங்கியது. 2023இல் சேர்க்கப்பட்ட எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்கீடு நம்முடைய சொந்த மறதியைப் பார்த்து இடைவெளியை வகுக்கிறது. அமைப்புகளில் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இப்படித் தம்மைத் தாமே சோதித்துக்கொள்வதன் பயனைப் பற்றி ஐயம் உள்ளவர்களுக்கு ஒரு சான்று. கார்ப்பிக், ரோடிகர் என்ற இரு உளவியலாளர்கள் 2008இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஸ்வாகிலிச் சொற்களைத் தொடர்ந்து தம்மைத் தாமே சோதித்துக் கற்ற மாணவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். சோதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் செய்தவர்கள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

கவனம் குறைந்தவர்களுக்கு இது பொருந்துவதற்கான முதன்மைக் காரணத்தை நான் வேறோர் இடத்தில் காண்கிறேன். புத்தகத்தைத் திறந்ததும் எங்கிருந்து தொடங்குவது, எதை விடுவது என்று எண்ணிக்கொண்டிருப்பதிலேயே பாதி மனவலிமை கரைந்துவிடும். ஆங்கியில் அந்த முடிவு எடுக்கப்பட்டு நம் முன் ஒரே ஒரு கேள்வி மட்டும் நிற்கிறது. பேருந்துக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் பத்து அட்டைகளை முடித்துவிட்டு எழுந்துகொள்ளலாம். விட்ட இடத்தைத் தேட வேண்டியதில்லை. கணினிப் பதிப்பில் டைம்பாக்ஸ் என்றொரு வசதியும் உண்டு. அதில் நாம் குறிக்கும் நிமிடங்கள் கழிந்ததும், அதுவரை எத்தனை அட்டைகள் முடிந்தன என்று சொல்லி நிறுத்தும்.

ஆனால் எல்லாம் அட்டை எழுதும் விதத்தில் இருக்கிறது. நம் பொறியியல் மாணவர்கள் டூ மார்க் கேள்விகளையும் விடைகளையும் அப்படியே அட்டையில் ஏற்றிவிடுகிறார்கள். நான்கு வரி விடையில் மூன்று வரி நினைவுக்கு வந்தால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதே குழப்பமாகிவிடும். இரு கணினிகள் தரவைப் பரிமாறும் முன் மூன்று செய்திகளால் இணைப்பை உறுதிசெய்துகொள்ளும் முறையான, டிசிபி இணைப்பின் த்ரீ வே ஹேண்ட்ஷேக்கை எடுத்துக்கொள்வோம். அதை விளக்குக என்று ஓர் அட்டை எழுதுவதைவிட, இணைப்பைக் கோரும் கணினி முதலில் எதை அனுப்பும், அதற்குச் சேவையகம் எதைத் திருப்பி அனுப்பும் என்று தனித்தனியாகக் கேட்பது மேல். சின் (இணைப்பைக் கோரும் செய்தி), சின்-ஏக் (அதை ஏற்றுத் தானும் கோரும் செய்தி) என்ற விடைகள் நொடியில் வந்துவிடும். அதற்குப் பிறகு, மூன்றாம் படியாக வர வேண்டிய ஏக் (பெற்றுக்கொண்டேன் என்ற செய்தி) வராவிட்டால் சேவையகத்துக்கு எது தெரியாமல் போகும் என்று இன்னோர் அட்டை எழுத வேண்டும். தான் அனுப்பிய சின்-ஏக் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் தெரியாமல் போகும். இந்த ஒரு கேள்வி, எதற்காக மூன்று படிகள் வேண்டும் என்பதையே புரியவைத்துவிடுகிறது. இப்படிப் பாடத்தைப் பிரித்துப் பிரித்துக் கேள்வியாக்கும் வேலைதான் உண்மையான படிப்பு என்பதால், பிறர் செய்து பகிர்ந்த தொகுப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படங்களில் ஒரு பகுதியை மறைத்துக் கேள்வியாக்கும் வசதி மின்சுற்று வரைபடங்களுக்கு மிகவும் பயன்படுகிறது. தமிழிலும் அட்டைகளைத் தடையின்றி எழுதலாம்.

குறைகளும் உண்டு. தோற்றம் வறண்டது, அமைப்புகள் புதியவரை மிரட்டும். நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் என்பது செயலியின் தொடக்க அமைப்பு. அதை அப்படியே விட்டால் சில வாரங்களில் அன்றாடத் திருப்புதல் 200 அட்டைகளை நெருங்கிவிடும். கவனம் சிதறுபவர்கள் பெரும்பாலும் இந்த மலைப்பில்தான் செயலியைக் கைவிடுகிறார்கள். ஐந்தில் தொடங்குங்கள். விடை மறந்துபோயிருக்கும்போது ஹார்ட் பொத்தானை அழுத்தாதீர்கள். நினைவுக்கு வந்தது, ஆனால் சிரமப்பட்டு வந்தது என்றே செயலி அதை எடுத்துக்கொள்ளும். ஓர் அட்டை எட்டு முறை தவறினால் செயலியே அதைக் குறியிட்டுக் காட்டும்; அமைப்பைப் பொறுத்து ஒதுக்கியும் வைக்கும். அதை மீண்டும் மனப்பாடம் செய்ய முயலாமல் திருத்தி எழுதுங்கள்.

கணக்குகளுக்கு இது போதாது. 192.168.1.0/26 என்ற வலையில் எத்தனை கருவிகளுக்கு முகவரி தரலாம் என்ற அட்டை நான்காம் முறை வரும்போது, கை கணக்கிடுவதில்லை. 62 என்ற எண்தான் மனப்பாடமாக வந்து நிற்கிறது. செய்முறையின் படிகளை அட்டையில் வைத்துக்கொண்டு, கணக்கைத் தாளில்தான் போட வேண்டும்.

கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஆண்ட்ராய்டில் தன்னார்வலர்கள் உருவாக்கிய ஆங்கிட்ராய்டை நிறுவ வேண்டும். ஐபோன் பதிப்புக்கு மட்டும் ஒருமுறைக் கட்டணம் உண்டு. ஒத்த பெயரில் சந்தா கேட்கும் வேறு செயலிகளும் இருப்பதால் பெயரை நன்றாகப் பார்த்து நிறுவுங்கள். பருவத்தின் முதல் வாரத்திலேயே தொடங்குபவருக்குத்தான் இடைவெளிகள் நீள்வதற்கு நாள் கிடைக்கும். தேர்வுக்கு நான்கு நாள் இருக்கையில் இதை நிறுவுவதைவிடப் பழைய வினாத்தாள்களை எடுத்துக்கொண்டு உட்காருவதே நல்லது.