புளோக் மாடியில் நெபுலா: 80 மி.மீ. லென்ஸா, 8 இஞ்ச் கண்ணாடியா?

சிங்கப்பூரில் நெபுலா (விண்வெளி வாயு மேகம்) படம் எடுக்க எந்தத் தொலைநோக்கி வாங்கலாம் என்று கேட்கும் தம்பிகள், மனத்துக்குள் 8 இஞ்ச் நியூட்டோனியனை (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி) வாங்கிவிட்டுத்தான் கேட்கிறார்கள். நானும் அப்படி ஆரம்பித்தவன்தான். இன்று மாடிக்குத் தூக்கிப்போவது 80 மி.மீ. ரிஃப்ராக்டர், அதாவது லென்ஸ் தொலைநோக்கி.

கணக்கைப் பாருங்கள். 8 இஞ்ச், அதாவது 200 மி.மீ. கண்ணாடி, சின்ன லென்ஸைவிட ஆறு மடங்குக்குச் சற்று அதிகமாக ஒளியை வாங்குகிறது. ஆனால் அதன் குவிய தூரம் 1000 மி.மீ.; சின்னதுக்கு 480. வாங்கிய ஒளியை நான்கு மடங்குக்கும் மேலான பரப்பில் விரித்துவிடுகிறது. கடைசியில் கேமராவின் ஒரு பிக்சலுக்குக் கிடைப்பது சுமார் 1.4 மடங்குதான். கண்ணால் பார்க்க விட்டம்தான் ராஜா. விரிந்து கிடக்கும் நெபுலாவைப் படமெடுக்க அப்படி இல்லை. ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவில் தென்வானத்துக் கரீனா நெபுலா 8 இஞ்ச்சின் சட்டத்துக்குள் அடங்காது, ஓரங்கள் வெட்டுப்படும். 80 மி.மீ.யில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

அப்புறம் மவுண்ட், அதாவது தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு சேர்த்துத் திருப்பும் பீடம். நாம் இருப்பது 1.3 பாகை வடக்கில். துருவ நட்சத்திரம் அடிவானத்தோடு ஒட்டிக்கிடக்கும், எந்த அடுக்குமாடி புளோக்காவது மறைத்துவிடும். மவுண்டின் அச்சு வானத்தின் துருவத்தை நோக்க வேண்டும் என்பதால் அதைக் கிட்டத்தட்டப் படுக்கவைக்க வேண்டும். பல மவுண்டுகள் அவ்வளவு தாழாது, தாழ்ந்தாலும் தொலைநோக்கியின் பாரத்தைச் சமன்செய்யும் எடைக்கல் முக்காலியின் காலில் இடிக்கும். 8 இஞ்ச்சுக்கு எடைக்கல்லும் அதிகம். ஒருமுறை பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் உச்சியில் அதை நிறுத்தி ஒரு மணி நேரம் எடுத்தேன். மின்தூக்கியில் இரண்டு நடை, நடுவில் ஓர் அங்கிள், "தம்பி, ராக்கெட்டா?" என்று கேட்டார். காற்று குழாயைப் பாய்மரம்போலத் தள்ளியதில் நட்சத்திரங்கள் எல்லாம் அரிசிமணிகளாக வந்தன.

ஈரப்பதத்தில் மட்டும் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. லென்ஸில் பனி படியும், ஹீட்டர் பட்டை சுற்றினால் சரி. நியூட்டோனியனில் பெரிய கண்ணாடி குழாயின் அடியில் தப்பித்துக்கொள்ளும், சின்னக் கண்ணாடி மங்கும். பூஞ்சை பிடிக்காமல் இருக்க லென்ஸை ஈரம் உறிஞ்சும் டிரை கேபினட்டில் வைக்கலாம். 8 இஞ்ச்சை வைக்கும் கேபினட்டை நான் பார்த்ததில்லை.

கையில் காசு மிச்சமிருந்தால் டூயல்-பேண்ட் ஃபில்டரில் போடுங்கள். 2016இல் வந்த உலக ஒளிமாசு வரைபடத்தில் மிக மோசமான நாடு நம்முடையதுதான். ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பையும் ஆக்சிஜனின் 501 நானோமீட்டர் பச்சையையும் மட்டும் அந்த ஃபில்டர் உள்ளே விட்டால் எல்இடி தெருவிளக்கின் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். சாதாரண டிஎஸ்எல்ஆர் அந்தச் சிவப்பின் பெரும்பங்கை உள்ளே விடாது என்பதால், உள் ஃபில்டரை மாற்றிய கேமராவாகப் பாருங்கள்.

மார்கழித் திருவாதிரைக்கு, நெபுலா இருக்கும் ஓரியன் நட்சத்திரக் கூட்டம் பிரமாதமாக எழும், ஆனால் அப்போது மழைக்காலம். பிப்ரவரியில் இரவு 9 மணிக்கு மேல் அது ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். அதற்குத் தயாராக இருங்கள். கரீனாவுக்கு ஏப்ரல் கடைசியில் இரவு 10 மணி, தெற்கே ஏறத்தாழ 29 பாகை உயரத்தில்.

லைரா வளைய நெபுலா போன்ற பொடிசுகளுக்கு மட்டும் 480 மி.மீ. போதாது, வளையம் சுமார் ஐம்பது பிக்சல்தான் வரும். அதற்காகத்தான் என் 8 இஞ்ச் இன்னும் பாம் ஷெல்டரில் (வீட்டின் பதுங்கறையில்), அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறது.