பவானியிலிருந்து சென்னைக்கு: நான்கு வருட விமானப் பயணக் கணக்கு

தங்கச்சி மகன் போன வாரம் கேட்டான்: "மாமா, ப்ளைட்ல போனா சென்னை ஒரு மணி நேரந்தானுங்களே?" போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

ஜமக்காள மாதிரிகளோடு மாதம் ஒருமுறை சென்னை பாரிமுனைக்குப் போய் வருகிறேன். நான்கு வருடமாகப் பெரும்பாலும் கோவை விமானம்தான். கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலிருந்து சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் வான்வழியில் சுமார் 400 கி.மீ. டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருக்கும். அது நின்ற இடத்திலிருந்து நகர்வது தொடங்கி, அங்கே போய் நிற்கும் வரைக்கான நேரம். ஆகாயத்தில் இருப்பது முக்கால் மணி நேரம், சற்றுக் கூடலாம்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். விமானம் ஏற நான் மேற்கே 90 கி.மீ. போக வேண்டும். பெருந்துறை, செங்கப்பள்ளி, அவினாசி, நீலாம்பூர். எட்டேகால் விமானத்துக்கு விடியற்காலை ஐந்து மணிக்கே கார் எடுத்தாக வேண்டும். செக்-இன் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். பறந்த பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் என் ஊரையே தாண்டிக் கிழக்கே போகிறது! நான் இரண்டு மணி நேரம் வந்த தூரம் அது. ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது.

ஆனால் அந்தப் பத்தாவது நிமிடத்தைப் பற்றி நியாயமாகச் சொல்லியே ஆக வேண்டும். மேகமில்லாத நாளில் இடப்பக்க சன்னலில் உட்கார்ந்தால் கூடுதுறை தெரியும். காவிரியும் பவானியும் வந்து சேரும் முனை, அதில் சங்கமேஸ்வரர் கோயில். மழைக்காலத்தில் இரண்டு தண்ணீரும் இரண்டு நிறமாகக் கொஞ்ச தூரம் ஒட்டாமலே ஓடும். வடக்கே மேட்டூர் அணை நீர் தகடு போல மின்னும். கூடுதுறை நான் பிறந்ததிலிருந்து குளித்த படித்துறை. முதல் தடவை பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

சரி, கணக்குக்கு வருவோம். மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டி எடுத்து, மெட்ரோ பிடித்துப் பாரிமுனை சேரப் பதினொன்று ஆகிவிடும். மொத்தம் ஆறு மணி நேரம். விமானம் தாமதமானால் அதற்கு மேல். ஒருமுறை மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள், காரணம்கூடச் சொல்லவில்லை.

2023 ஏப்ரலில் வந்தே பாரத் ரயில் வந்தது. ஏழேகால் வாக்கில் ஈரோட்டில் ஏறினால் பன்னிரண்டுக்குள் சென்ட்ரல். அங்கிருந்து பாரிமுனை பக்கம்தான். வீட்டை விட்டு ஆறரைக்குக் கிளம்பினால் போதும். ஈரோட்டிலிருந்து தண்டவாள தூரமும் ஏறக்குறைய அதே 400 கி.மீ.தான்.

அதனால் மாப்பிள்ளை, உனக்கு விமானம் வேண்டாம். ரயிலில் போ. ஆடிப்பெருக்கு சமயத்தில் ஆறு நிறைந்து ஓடும்போது மட்டும் ஒரு தடவை உங்கம்மாவைக் கூட்டிக்கொண்டு விமானத்தில் போ. இடப்பக்க சன்னலை அவளுக்குக் கொடு.