தார்ல எம்எல்டி, கூர்க்கால லீவர், ஜிப்ஸில காத்து: நம்ம ஊரு கல்லுக்காட்டுக்கு எந்த டிஃப் லாக்?

வண்டிக்கு டிஃப் லாக் (ஒரு ஆக்சில்ல ரெண்டு வீலையும் ஒண்ணா சுத்த வைக்கற பூட்டு) போடலாம்னு இருக்கேன் எது ஸ்ட்ராங்குன்னு கேக்கறவங்ககிட்ட நான் திருப்பி கேக்கறது ஒண்ணுதான், உங்க வண்டிய உங்கள தவிர வேற யாரு ஓட்டுவாங்க? சிரிப்பாங்க. ஆனா ரொம்ப நாளா எம்எல்டி (தானா பூட்டிக்கற மெக்கானிக்கல் டிஃப் லாக்) வச்ச மஹிந்திரா தார தோப்புக்கும் ரோட்டுக்கும் ஞாயித்துக்கிழமை கல்லு ஏத்தறதுக்கும் ஓட்டிட்டு, மச்சானோட ஃபோர்ஸ் கூர்க்கா, ஃப்ரெண்டோட ஏர் லாக்கர் (காத்தழுத்தத்துல போடற டிஃப் லாக்) போட்ட மாருதி ஜிப்ஸி ரெண்டையும் கை நோக ஓட்டி பாத்ததுக்கு அப்புறம் எனக்கு அந்த கேள்விதான் பெருசா தெரியுது.

நம்மளுக்கு கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் மாந்தோப்பு. வண்டி 2021 தார், டீசல், மேனுவல், ஹார்ட் டாப். நான் ஓட்டுவேன், அப்பா ஓட்டுவாரு, தோப்ப பாத்துக்கற அண்ணன் ஓட்டுவாரு, சீசன்ல கிரேட ஏத்திக்கிட்டு மண்டிக்கு போறப்ப கையில யாரு இருக்காங்களோ அவங்க ஓட்டுவாங்க. இத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

அப்பாவுக்கு லாக்கர்னா என்னன்னு புரிய வைக்க ஒரு நிமிஷம் கூட ஆகல. "டிராக்டர்ல குதிகால்ல மிதிக்கறமே, அதுதானடா"ன்னாரு. அதேதான். டிஃப்ரன்ஷியலோட வேலை திரும்பறப்ப வெளிப்பக்க வீல் வேகமாவும் உள்பக்க வீல் மெதுவாவும் சுத்த விடறது. அதுக்கு கொடுக்கற விலை என்னன்னா ரெண்டு வீலுக்கும் ஒரே அளவு டார்க்தான் (திருப்பு விசை) போகும், ஒரு வீல் அந்தரத்துல தொங்கி சும்மா சுத்துச்சுன்னா அதுக்கு எவ்ளோ கம்மியா டார்க் வேணுமோ அவ்ளோதான் தரையில இருக்கற வீலுக்கும். அதனாலதான் ஃபோர் வீல் போட்டும் முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு குறுக்கால தூக்கிடுச்சுன்னா வண்டி நகராது, ரெண்டு வீல் சுத்தும் ரெண்டு வீல் வேடிக்கை பாக்கும். லாக் பண்ணா அந்த ஆக்சில்ல ரெண்டு வீலும் ஒரே கம்பில கட்டுன கணக்கு, எது தரைய பிடிக்குதோ அது தள்ளும்.

நம்ம பக்கம் இந்த குறுக்கு தூக்கல்தான் முக்காவாசி பிரச்சனை. கிருஷ்ணகிரி தருமபுரி ரெண்டு மாவட்டத்துலயும் மணல்ல புதையறதெல்லாம் ஆத்தோரம் மட்டுந்தான், மத்தபடி செம்மண்ணு, பாறை, மழையில அறுத்துக்கிட்டு போன ஓடை. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அதுக்கப்புறம் எங்க தோப்பு வண்டிப்பாதைய பாத்திருக்கணும், ஒரு பக்க தடம் இடுப்பு ஆழத்துக்கு அறுத்துக்கிச்சு, இன்னொரு பக்கம் பாறை மொட்டு வெளிய வந்து நிக்குது. ஜேசிபி வர்ற வரைக்கும் அதுலதான் போயி வரணும், மாடு கன்னு தண்ணி எல்லாம் காத்துக்கிட்டா இருக்கும்.

இப்ப எம்எல்டிக்கு வரேன். ஈட்டன் கம்பெனி டிசைன், முழுக்க மெக்கானிக்கல், பட்டன் கிடையாது ஒயர் கிடையாது. அமெரிக்காவுல ஜிஎம் பிக்கப்புல 1973ல இருந்து ஜி80ன்னு வர்றது இதோட அண்ணன். உள்ள சின்ன எடைக்கல்லு வச்ச கவர்னர் இருக்கு, ரெண்டு பின்வீலுக்கும் நடுவுல சுமாரா நிமிஷத்துக்கு 100 சுத்து வித்தியாசம் வந்துச்சுன்னா எடைக்கல்லு விரிஞ்சு மாட்டிக்கும், கிளட்ச் பிளேட்டு நெருக்கும், டங்குனு ஒரு சத்தம், லாக். வேகம் 30 கிலோமீட்டருக்கு மேல போச்சுன்னா லாக் ஆகாத மாதிரி தனியா ஒரு தடை உள்ளயே இருக்கு. ஆக்ஸிலேட்டர விட்டு ரெண்டு பக்கமும் பிடி ஒத்துப்போச்சுன்னா தானா கழண்டுக்கும்.

இந்த 100 சுத்துங்கறத பேப்பர்ல படிச்சா ஒண்ணும் தோணாது, வண்டியில கணக்கு போட்டு பாருங்க. 255/65 ஆர்18 டயர், ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட ரெண்டரை மீட்டர். ஒரு வீல் நின்னுக்கிட்டு இன்னொண்ணு 100 சுத்து சுத்துதுன்னா நடுவுல கிரவுன் (டிஃப்ப சுத்த வைக்கற பெரிய பல்சக்கரம்) சுத்தறது 50, அதாவது வண்டி 7 கிலோமீட்டர் வேகத்துல போற அளவுக்கு எஞ்சின் சுத்தணும். லோ கியர்ல முதல் கியர் போட்டு ஊர்ந்துக்கிட்டே போற ஆளுக்கு அவ்ளோ வேகமே வராது! அதனாலதான் நிறைய பேரு எம்எல்டி வேலையே செய்யலைன்னு புலம்பறாங்க. வேலை செய்யும், ஒரு மிதி கேக்கும், அவ்ளோதான்.

அந்த ஓடைப்பாதையில நடக்கறத அப்படியே சொல்றேன். 4 லோ (நாலு வீலும் இழுக்கற மெதுவான கியர்), ரெண்டாவது கியர், வலது முன்வீல் பாறை மொட்டுல ஏறுது, இடது முன்வீல் தூக்கிக்குது, வலது பின்வீல் பள்ளத்துக்கு மேல தொங்குது. வண்டி நிக்குது, தூக்குன ரெண்டு வீலும் சுத்துது, காஞ்ச செம்மண்ணு பின்னாடி பறக்குது. இந்த இடத்துலதான் புதுசா ஓட்டறவங்க கால எடுத்துடுவாங்க இல்ல பயந்துக்கிட்டு முழுசா மிதிப்பாங்க. ரெண்டும் வேண்டாம். கால அதே இடத்துல வச்சு இன்னும் அரை விரக்கடை மிதிச்சா போதும், சீட்டுக்கு அடியில டங்குனு ஒரு அடி, தொங்கற பின்வீல் சட்டுனு மெதுவாகும், வண்டி முன்னாடி நகரும். நகர ஆரம்பிச்சதும் கால மெதுவா தளர்த்திக்கணும். முழு மிதியில வீல் கண்டபடி சுத்திக்கிட்டு இருக்கறப்ப லாக் ஆச்சுன்னா அந்த அடி மொத்தமும் ஆக்சில் மேலயும் பல்லு மேலயும்தான் விழும், எவ்ளோ நல்ல இரும்பா இருந்தாலும் தினமும் வாங்குனா தாங்காது.

எனக்கு எம்எல்டி பிடிச்சதுக்கு காரணமே அப்பாவும் அந்த அண்ணனும்தான். யாரும் எதையும் போட வேண்டாம், எடுக்க மறக்கவும் வேண்டாம். தோப்புல இருந்து நேரா ஹைவே ஏறுனா டிஃப் பாட்டுக்கு ஓப்பனா இருக்கும்.

பிடிக்காதது சொல்லணும்னா, சரிவுல குறுக்கா போறப்ப. ஏரிக்கரை வழுக்கு மண்ணுல ஒரு பக்கம் சாஞ்சுக்கிட்டு போறீங்க, ஒரு பின்வீல் வழுக்கி சுத்துது, லாக் ஆச்சுன்னா இப்ப ரெண்டு பின்வீலும் சேந்து சுத்தும், பிடிச்சுக்கிட்டு இருந்த ஒரு வீலும் பிடிய விட்டுடும், வண்டி பின்பக்கம் அப்படியே கீழ இறங்கும். ஓப்பன் டிஃப்ல ஒரு வீலாவது நங்கூரம் போட்டு நிக்கும். லாக் வேண்டாம்னு எம்எல்டிகிட்ட சொல்ல முடியாது, கால எடுக்கறது ஒண்ணுதான் வழி. ஈரக்களிமண்ணு சரிவு உங்க ரெகுலர் பாதைன்னா இத நல்லா யோசிங்க.

இங்கதான் மச்சானோட கூர்க்கா மேல. முன்னாடி பின்னாடி ரெண்டு ஆக்சிலுக்கும் தனித்தனி லீவர், கம்பெனிலயே வர்றது, நம்ம நாட்டுல இந்த விலையில முன்னாடியும் லாக் கொடுக்கறது அவங்கதான். எப்ப லாக் எப்ப ஓப்பன்னு நீங்க முடிவு பண்றீங்க, படிக்கட்டு பாறைக்கு முன்னாடியே போட்டுட்டு வீலு ஒரு சுத்து கூட வீணாக்காம ஊர்ந்து ஏறலாம், மண்ணு பறக்காது, சத்தம் கிடையாது. ஏறி முடிச்சதும் எடுத்துடணும். முன்லாக் போட்டா ஸ்டியரிங் கல்லா இருக்கும், திருப்பவே திருப்பாது, வளச்சுப் பிடிச்சுக்கிட்டு மிதிச்சா முன் ஜாயின்ட்டு போகும், அதனால முன்லாக் நேரா ஏறறதுக்கு மட்டும். இன்னொண்ணு, லீவர எடுத்த உடனே கழண்டுச்சுன்னு நெனைக்காதீங்க, ஆக்சில் முறுக்கிக்கிட்டு இருந்தா பல்லு விடாது, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து முன்ன விட்டாதான் விடும். மச்சான் வீட்டு பசங்க ஒருத்தன் பின்லாக்கோட தார் போட்ட ரோட்டுல திரும்பி டயர் கீச்சு கீச்சுன்னு கத்துனத தெருவே பாத்துச்சு. டிராக்டர்ல கால எடுத்தா ஸ்பிரிங்கு எடுத்துடும், இங்க ஸ்பிரிங்கு உங்க ஞாபகம்தான்.

ஜிப்ஸில போட்டது ஏஆர்பி ஏர் லாக்கர். ஆஸ்திரேலியா கம்பெனி, பட்டன அமுக்குனா கம்ப்ரசர் காத்து டிஃப்புக்குள்ள பிஸ்டன தள்ளி லாக் பண்ணும், விட்டா ஸ்பிரிங்கு ஓப்பன் பண்ணும். வேலை செய்யறப்ப இத அடிச்சுக்க ஆளில்ல, சின்ன எடை வண்டி, பூனை நடக்கற மாதிரி ஏறுது. கூடவே ஒரு கம்ப்ரசர் கிடைக்குது, டயர்ல காத்து எறக்கி ஏத்த தனியா ஒண்ணு வாங்க வேண்டாம். ஆனா ஹவுசிங்குக்கு போற அந்த மெல்லிசு காத்துக்குழாய் இருக்கே, நம்ம ஊரு உன்னிச்செடி புதர்ல ஒரு தடவ பூந்து வெளிய வந்தப்ப ஆக்சில் மேல இருந்து பிச்சுக்கிட்டு தொங்குச்சு. பட்டன அமுக்குனா உஸ்ஸுன்னு சத்தம், லாக் இல்ல. இப்போ ஃப்ரெண்டு குழாய பிரேக் லைன் கூடவே ஒட்டி ஹோஸ் பைப்பு உறை போட்டு கட்டியிருக்கான், அதுக்கப்புறம் தொல்லை இல்ல. செலவு பெருசு, டிஃப் பிரிச்சு கிரவுன் பினியன் பேக்லாஷ் (ரெண்டு பல்சக்கரத்துக்கும் நடுவுல விடற இடைவெளி) சரியா வைக்கற கை வேணும், அது எல்லா பட்டறையிலயும் கிடைக்காது. பேக்லாஷ் தப்பா வச்சா 60ல போறப்ப டிஃப் ஊளையிடும், அப்புறம் பல்லு தின்னும். வாரண்டியில இருக்கற வண்டில நான் கை வைக்க மாட்டேன்.

மாருதி ஜிம்னிக்காரங்க கேப்பாங்க, எங்களுக்கு லாக்கரே இல்லையேன்னு. பிரேக் எல்எஸ்டி இருக்கு, சுத்தற வீல பிரேக் பிடிச்சு நிறுத்தி மத்த வீலுக்கு டார்க்க அனுப்பறது. தார்லயும் இதே மாதிரி பிரேக்கால வேலை செய்யற பிஎல்டி உண்டு. சின்ன சின்ன தூக்கலுக்கு நல்லாவே போதும், ஆனா ஒரு பக்கம் எஞ்சின் தள்ள ஒரு பக்கம் பிரேக் பிடிக்க, நீளமான ஏத்தத்துல பிரேக் சூடாகும், சக்தியும் கொஞ்சம் வீணாகும். ஜிம்னி எடை கம்மி, ரெண்டு பக்கமும் சாலிட் ஆக்சில், அதனால பொழச்சுக்குது.

லாக்கருக்கு காசு ஒதுக்கறதுக்கு முன்னாடி நல்ல ஆல் டெரைன் டயர் போட்டு 18, 20 பிஎஸ்ஐக்கு காத்து எறக்கி ஒரு தடவ அதே ஏத்தத்த முயற்சி பண்ணி பாருங்க, பாதி பேருக்கு ஆசை அங்கயே அடங்கிடும். லாக்கர் இருக்குங்கற தெம்புல மேலகிரி, அஞ்செட்டி பக்கம் காட்டுக்குள்ள விடலாம்னும் நெனைக்காதீங்க, அங்க காவேரி வடக்கு, தெற்கு சரணாலயம் ரெண்டும் இருக்கு, யானை நடமாட்டம், கேஸ் போட்டா வண்டி வனத்துறை ஆபீஸ் வாசல்ல துரு பிடிக்கும். நாங்க தெரிஞ்சவங்க பட்டா நிலத்துல கேட்டுக்கிட்டுதான் விளையாடறது.

மெயின்டனன்ஸ் எம்எல்டிக்கு பெருசா இல்ல, டிஃப் ஆயில் கம்பெனி சொன்ன கிரேடு, அதுவும் தண்ணியில இறங்குனா சீக்கிரமே மாத்திடுவேன், பால் கலந்த காப்பி நிறத்துல வந்தா உள்ள தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். கிளட்ச் வச்ச எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃப்) டைப்புக்கு ஊத்தற வழுக்கல் அடிடிவ் இதுக்கு வேண்டாம், மெக்கானிக் நல்ல எண்ணத்துல ஊத்த வந்தாலும் வேண்டாம்னு சொல்லுங்க, லாக் பிடிக்கறது அந்த கிளட்ச் உரசல்லதான்.

பழைய தார் பாக்கறவங்களுக்கு ஒண்ணு, எல்லா தார்லயும் எம்எல்டி வராது, வருஷத்துக்கு வருஷம் வேரியண்ட்டுக்கு வேரியண்ட்டு மாறும், விக்கறவர் வாய நம்பாதீங்க. ரோட்டுல ஜாக்கி போட்டு ஒரு பின்வீல தூக்கி சோதிக்கவும் கூடாது, லாக் ஆச்சுன்னா தரையில இருக்கற வீல் தள்ளி வண்டி ஜாக்கிய விட்டு கிளம்பிடும். ஒரு பின்வீல் தொங்கற மாதிரி மெதுவான பள்ளத்துல விட்டு, ரெண்டு வீல் டிரைவ்லயே, சீரா கொஞ்சம் மிதிங்க. டங்குனு கேட்டு வண்டி வெளிய வந்தா சரி. வீல் சும்மா சுத்திக்கிட்டே இருந்தா, பிஎல்டி வேற இடையில கட கடன்னு பிரேக் பிடிச்சு ஏமாத்தும், அந்த சத்தத்தையும் டங்கையும் குழப்பிக்காம காது கொடுத்து கேட்டு, டங்கு இல்லைன்னா எம்எல்டி இல்லன்னு சொல்லி விலைய குறைச்சு பேசுங்க.