யூத் கோர்ட்டா, சிறார் நீதிமன்றமா? எதற்கு எது மாற்று?

அமெரிக்காவில் 14 வயதுப் பிள்ளை ஒன்று கடையில் ஹெட்ஃபோனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு மாட்டிக்கொண்டால், அடுத்து என்ன நடக்கும் என்பது ஊரைப் பொறுத்தது. சில ஊர்களில் வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகும். சில ஊர்களில் யூத் கோர்ட்டுக்கு. டீன் கோர்ட் என்றும் சொல்வார்கள். அங்கே பெரும்பாலும் இரு தரப்பிலும் வாதாடுவதும் தண்டனையை முடிவு செய்வதும் பள்ளிப் பிள்ளைகள்தான். சில இடங்களில் நீதிபதியாக உட்காருவதும் அவர்களே. டெக்சஸில் ஒடெஸ்ஸா என்ற ஊரில் 1983இல் தொடங்கியதைப் பார்த்துப் பல ஊர்கள் பின்தொடர்ந்தன. 1990களின் தொடக்கத்தில் நாடு முழுக்க ஐம்பது போல இருந்தவை, அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

யூத் கோர்ட்டை ஆதரிப்பவர்கள் அதை ‘சிறார் நீதிமன்றத்துக்கு மாற்று’ என்றே அறிமுகப்படுத்துகிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் சிக்கல்.

முதலில் உரிமை. 1899இல் சிகாகோவில் முதல் சிறார் நீதிமன்றம் வந்தபோது, பெற்றோர் இடத்தில் நின்று பிள்ளையைத் திருத்துவதே அதன் நோக்கமாக இருந்தது. பெற்றோரிடம் வக்கீல் எதற்கு என்ற நினைப்பும் கூடவே வந்தது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு கால்ட் வழக்கு சாட்சி. அரிசோனாவில் 15 வயது ஜெரால்ட் கால்ட், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதாகப் புகார். பெரியவர் ஒருவர் அதைச் செய்திருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை. கால்டுக்கோ 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் வைத்திருக்கலாம் என்று உத்தரவு! 1967இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. குற்றச்சாட்டை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ளலாம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், தனக்கு எதிராகத் தானே பேச வேண்டியதில்லை என்றெல்லாம் சிறாருக்கும் உரிமைகள் கிடைத்தன. வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரி மட்டும் கிடைக்கவில்லை. சிறாருக்கு அது அரசமைப்பு உரிமை அல்ல என்று 1971இல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

யூத் கோர்ட்டில் இது அப்படியே தலைகீழ். பல இடங்களில் ஜூரி உண்டு, அதுவும் சக வயதுப் பிள்ளைகள். ஆனால் பெரும்பாலான யூத் கோர்ட்டுகள் குற்றம் நடந்ததா இல்லையா என்று விசாரிப்பதே இல்லை. தவறை ஒப்புக்கொண்ட பிறகுதான் உள்ளே வரவே முடியும். என்ன தண்டனை என்பது மட்டுமே அங்கே பேச்சு. ‘நான் எடுக்கவே இல்லை’ என்கிற பிள்ளைக்கு அங்கே இடமில்லை. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று, செய்யாததை ஒப்புக்கொள்கிற பிள்ளையும் இருக்கும். ஆகவே குற்றமே சந்தேகம் என்றால் சிறார் நீதிமன்றம்தான் சரி. அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தண்டனை என்று வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. யூத் கோர்ட் யாரையும் அடைத்து வைக்க முடியாது. சமூக சேவை, மன்னிப்புக் கடிதம், கட்டுரை, நஷ்டஈடு, அவ்வளவுதான். முடித்துவிட்டால் பொதுவாக வழக்கு கைவிடப்படும். முடிக்காவிட்டால் அனுப்பிய இடத்துக்கே திரும்பும். பல இடங்களில் இன்னொரு தண்டனையும் உண்டு: அடுத்து வரும் வழக்குகளில் நீயே ஜூரியாக உட்கார வேண்டும். இருப்பதிலேயே புத்திசாலித்தனமான ஏற்பாடு இதுதான் என்பேன். போன மாதம் தலைகுனிந்து நின்றவன், இந்த மாதம் இன்னொருவனிடம் ‘கடைக்காரர் உன்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?’ என்று கேட்கிறான். எந்த நீதிபதியின் அறிவுரைக்கும் இந்த வலு கிடையாது.

சரி, பலன்? அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2002இல் நான்கு மாநிலங்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். ஆறு மாதத்துக்குள் மறுபடி குற்றத்தில் சிக்கியவர்கள் அலாஸ்காவில் யூத் கோர்ட் வழியே போனவர்களில் 6 சதவீதம். வழக்கமான சிறார் நீதி வழியே போனவர்களில் 23. மிசௌரியில் 9க்கு 28. அரிசோனாவில் 9க்கு 15, ஆனால் புள்ளியியல் கணக்கில் அது உறுதியான வித்தியாசம் இல்லை. மேரிலாந்தில் கதையே மாறியது: யூத் கோர்ட்டில் 8, ஒப்பீட்டுக் குழுவில் 4. இதுவும் உறுதியான வித்தியாசம் இல்லைதான். ஆனால் அந்தக் குழு யார் என்று பார்க்க வேண்டும். அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் அல்ல. பக்கத்து மாவட்டத்தில் போலீஸே நடத்திய திருத்தத் திட்டத்தில் இருந்தவர்கள். அதாவது நல்ல போலீஸ் திட்டம் ஒன்று இருந்தால், யூத் கோர்ட் அதைவிடக் கூடுதலாக எதையும் சாதித்ததாகத் தெரியவில்லை. 2008இல் மேரிலாந்திலேயே வெளிவந்த ஒரு சிறிய பரிசோதனை ஆய்வு, யூத் கோர்ட் பிள்ளைகள் தாங்களே சொன்ன தவறுகள் மற்றவர்களைவிட அதிகம் என்றது.

அப்புறம் யாரை அங்கே அனுப்புகிறார்கள் என்பது. கடைத்திருட்டு, பள்ளிச் சண்டை, பீர் பாட்டிலோடு பிடிபடுவது, பெரும்பாலும் முதல் தடவை. இவர்களில் பலரைப் போலீஸ் எச்சரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தாலே போதுமாக இருந்திருக்கும். அவர்களையும் கோர்ட்டில் நிறுத்தினால் அது மாற்று ஆகாது; வலையை அகலமாக விரிப்பது. உண்மையில் சிறார் நீதிமன்றத்துக்குப் போயிருக்கக்கூடிய பிள்ளையை இந்தப் பக்கம் திருப்பினால்தான் லாபம்.

யூத் கோர்ட் தொடங்குகிற ஊர்களுக்கு இன்னொரு விஷயம். ஆய்வு செய்த அந்த நான்கு மாநிலங்களில் தெளிவான பலன் காட்டிய அலாஸ்காவிலும் மிசௌரியிலும் நீதிபதி இருக்கை உட்படப் பொறுப்பு பிள்ளைகளிடமே இருந்தது. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் பிள்ளைகள் சட்ட வகுப்புக்குப் போய், வக்கீல்களுக்கு இருப்பது போன்ற தகுதித் தேர்வு (பார் தேர்வு) எழுதித் தேறிய பிறகே வாதாட விடுகிறார்கள். மற்ற இரண்டில் நீதிபதி நாற்காலியில் பெரியவர். நாடு முழுக்க அதிகம் பரவியிருப்பதும் அந்த வகைதான்.